நான் சுரண்டி எடுத்த நிழல்

பாப்பா,

இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். கோர்படி குவார்ட்டர்ஸில் வளர்ந்து, இந்தியில் சண்டை போட்டு, மராத்தியில் காய்கறி வாங்கி, இங்கிலீஷில் சம்பாதிக்கிறவள் நீ. தமிழ் உனக்கு அம்மாவோடு ஃபோனில் பேசுவதற்கு மட்டும். இங்கிலீஷிலேயே எழுதிவிடலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். ராணுவப் பணிமனையில் டிராஃப்ட்ஸ்மேனாக முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அந்த பாஷையில் எழுதத் தெரிந்ததெல்லாம் லீவு லெட்டரும், இயந்திர வரைபடத்தின் ஓரத்தில் போடுகிற குறிப்பும்தான். நாலு வரி எழுதிப் பார்த்தேன். தாமதமாக வந்ததற்கு மேலதிகாரியிடம் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. கிழித்துப் போட்டேன். அதனால் தமிழ். மெதுவாகப் படி. கோபம் வந்தால் மூடி வைத்துவிட்டு மறுநாள் படி. பதினோரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இன்னும் ஒரு நாள் பெரிய விஷயமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விமான் நகர் ஸ்டூடியோவில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. கல்யாணப் பதிவுக்கும் பத்திரிகைக்கும் எடுத்த ஃபோட்டோவைப் பார்க்க என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாய். அந்தப் பையன் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தான். மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உன் புடவை, உன் கம்மல், மாவு பூசிய மாதிரி ஒரு முகம். நீ குனிந்து பார்த்துவிட்டு, “பையா, யே கோன் ஹை?” என்று கேட்டாய், யார் இது என்று. அவன் பல்லை இளித்துக்கொண்டு, “தோடா ஃபேர் கியா மேடம், ஷாதி கா ஃபோட்டோ ஹை நா” என்றான், கல்யாண ஃபோட்டோ இல்லையா, கொஞ்சம் சிவப்பாக்கினேன் என்று. நீ கத்தவில்லை. “மேரா ரங் வாபஸ் டாலோ” என்றாய், என் நிறத்தைத் திருப்பிப் போடு என்று. அவன் ஒரு பொத்தானைத் தட்டினான், உன் முகம் வந்துவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நீ பார்க்கவில்லை. நீ வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருந்தாய் என்று எனக்குத் தெரியும். யார் இது என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறாய். என்னிடம் அந்தப் பொத்தான் இல்லை.

அன்றைக்கு உன் ஃபிளாட்டுக்குத் திரும்பி வந்தபோது ரிஜிஸ்டர் ஆபீஸ் படிவம் மேஜைமேல் கிடந்தது. சாட்சிகள் மூன்று பேர். முதல் பெயர் அம்மாவுடையது. மற்ற இரண்டும் கராடி ஆபீஸில் உன்னோடு வேலை செய்கிற பெண்களுடையவை. நான் படித்துவிட்டேன் என்று தெரிந்ததும், “ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரு ரொம்ப ஆசப்பட்டாங்கப்பா, அம்மா ஒண்ணு, அவ்ளோதான் வேணும்” என்றாய். “சரிம்மா” என்றேன். பெற்ற அப்பன் உயிரோடு, கண் தெரிந்து, கை நடுங்காமல் இருக்கும்போது சாட்சிக்கு ஊரான் வீட்டுப் பெண்களா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உள்ளுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பீரோவின் மேலிருந்த அந்தக் குழாயை இறக்கினேன். படங்களைச் சுருட்டி வைக்க நான் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த டிராயிங் குழாய். அதற்குள் நீ வரைந்த உன் படம் இருக்கிறது. நான் அதை எறிந்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை.

நீ பன்னிரண்டாவது பரீட்சை எழுதி முடித்த கோடை அது. ஓவியக் கல்லூரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நேரில் பார்த்து வரைந்த ஒரு முகம் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். யார் உட்காருவார்கள் உனக்கு? அம்மாவுக்கு அடுப்பு, எனக்கு ஆபீஸ். ரயில்பாதை பக்கம் இருந்த கிழக்கு ஜன்னலோரம் அம்மாவின் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, என்னுடைய பழைய டிராயிங் போர்டை மடியில் போட்டுக்கொண்டு உன்னையே வரைய ஆரம்பித்தாய். ஏழரை மணியிலிருந்து எட்டரை வரைக்கும்தான் அந்த வெளிச்சம். அதற்கப்புறம் நிழல் நகர்ந்துவிடும் என்று எடுத்து வைத்துவிடுவாய். கூட்ஸ் வண்டி போனால் ஒவ்வொரு வேகனுக்கும் வெளிச்சம் வெட்டி வெட்டி உன் முகத்தில் விழும். பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டி போகும் வரை அசையாமல் இருப்பாய். அந்தப் பொறுமையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாய் என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டேன். மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாய். “அப்பா, கண்ணாடில பாரு. மூக்கு எங்க முடியுது, கன்னம் எங்க ஆரம்பிக்குது? நடுவுல கோடு எதுனா இருக்குதா? கோடே கெடையாதுப்பா. வெளிச்சம் கொறைஞ்சிக்கினே போவுது, அவ்ளோதான்.” எனக்குச் சுருக்கென்றது. கோடு போட்டுத்தானே உனக்குச் சோறு போடுகிறேன் என்று சொல்லிச் சிரித்தேன். நீ விடவில்லை. தாடைக்குக் கீழே நிழலைக் காட்டினாய். அங்கே முழுக் கறுப்பு இல்லை, போட்டிருந்த மஞ்சள் துப்பட்டாவில் பட்ட வெளிச்சம் திரும்பி மேலே வந்து நூல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாய். “நெழலுக்குள்ளயும் வெளிச்சம் வந்துக்கினே இருக்கும்பா, உத்துப் பாத்தாத்தான் தெரியும்.” நான் உற்றுப் பார்க்கவில்லை. தலையை ஆட்டினேன். மூக்கு நுனியிலும் நெற்றி மேட்டிலும் தாளை வெறுமனே விட்டிருந்தாய். ஏன் அங்கே ஒன்றும் போடவில்லை என்று கேட்டேன். “வெளிச்சத்த வரைய முடியாதுப்பா. தாள அப்டியே வுட்டுடணும். சுத்தி நெழல் நல்லா வந்துச்சின்னா அது தானா எரியும்” என்றாய். இருபது வருஷம் பென்சில் பிடித்தவனுக்குப் பதினேழு வயதுப் பெண் சொன்ன இந்த விஷயம் அப்போது மண்டையில் ஏறவில்லை. இப்போது ஏறியிருக்கிறது, யாருக்குப் பிரயோஜனம்?

அந்த வாரம்தான் குடியாத்தத்திலிருந்து என் அக்கா வருவதாக லெட்டர் போட்டாள். உன் அத்தை, தன் மகனுக்கு உன்னைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். திங்கட்கிழமை உனக்கு நேர்முகம். நீ பிறந்தபோது தொட்டிலை எட்டிப் பார்த்து, “இன்னாடா தம்பி, அப்டியே உன்ன மாரியே பொறந்துக்குது” என்று சொன்னவள் அவள். நிறத்தைத்தான் சொன்னாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. சனிக்கிழமை எனக்கு அரை நாள். நீ படங்களை வைக்கும் அட்டை வாங்க லக்ஷ்மி ரோடு பக்கம் போயிருந்தாய். உன் படம் போர்டில் குத்தியபடியே கூடத்தில் இருந்தது. முடித்துவிட்டாய் போல. நான் சாப்பிட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெளிச்சத்தில் இருந்தது. மறுபக்கம் முழுக்கத் திக்கான நிழல். அக்கா உள்ளே நுழைந்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பாள் என்று தோன்றியது. பெண்ணே இப்படித்தான் என்று படம் போட்டுக் காட்டுகிற மாதிரி இருந்தது. அந்த எண்ணம் வந்த பிறகு எனக்கு வேறெதுவும் தெரியவில்லை.

பாப்பா, உன் அப்பனுக்கு அழிக்கத் தெரியும். அதில் என்னை மிஞ்ச ஆபீஸில் ஆள் கிடையாது. டிரேசிங் தாளில் மை சிந்தினால் மற்றவர்கள் தாளையே மாற்றுவார்கள். நான் அரை பிளேடை எடுத்துத் தாள் கிழியாமல் மையை மட்டும் சுரண்டி எடுப்பேன். ஓட்டைகள் போட்ட மெல்லிய தகடு ஒன்று வைத்திருந்தேனே, அதைத் தாள்மேல் வைத்து, அழிக்க வேண்டிய இடத்தை மட்டும் ஓட்டை வழியாக ரப்பரால் தேய்ப்பேன். பக்கத்துக் கோட்டில் ஒரு இழை போகாது. புதிதாக வந்த பையன்கள் கையெல்லாம் பென்சில் தூளாக்கி அழுக்கு ஷீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால், சுத்தம் செய்து மேலே அனுப்புவது என் வேலை. உன் முகத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். முதலில் ரப்பர். நீ போட்டது மெத்து பென்சில், தாளுக்குள் இறங்கியிருந்தது. அதனால் பிளேடு. கண்ணுக்குக் கீழே, கன்னம், மூக்கின் ஓரம், கழுத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மணி நேரம். அம்மா சமையற்கட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “அது பாப்பாவோடதுங்க, இன்னாத்துக்கு அதுல கை வெக்கிறீங்க? வெச்சிடுங்க” என்றாள். “உனக்கு இன்னா தெரியும், போ” என்றேன். வேலை முடிந்ததும் கோழி இறகால் தூளைத் தட்டிவிட்டு, எட்ட நின்று பார்த்து, திருப்திப்பட்டுக்கொண்டேன். அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

நீ வந்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவள் அங்கேயே நின்றாய். அழுவாய், கத்துவாய், சமாதானம் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். “யாருப்பா இது?” என்று கேட்டாய். அவ்வளவுதான். அப்போதுதான் நானும் பார்த்தேன். நிழலை எடுத்துவிட்டால் வெளிச்சம் மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். இரண்டுமே போயிருந்தன. நீ நெற்றியிலும் மூக்கிலும் அவ்வளவு பாடுபட்டு விட்டு வைத்த வெள்ளை, மற்ற வெள்ளையோடு கலந்து காணாமல் போயிருந்தது. தட்டு மாதிரி ஒரு முகம், அதில் இரண்டு கண். நீ போர்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய் அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுத்தாய். மறுநாள் அக்கா வந்தாள், நானே வெட்கமில்லாமல் படத்தைத் திருப்பிக் காட்டினேன். “இப்பதான் லட்சணமா கீது” என்றாள். நீ காபி கொண்டுவந்து வைத்தாய். அவள் உன்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள். அடுத்த மாதமே அவள் மகனுக்கு வாணியம்பாடியில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை நான் ஸ்கூட்டரைத் துடைத்து வாசலில் நிறுத்தினேன். நீ வரவில்லை என்றாய். மற்ற படங்கள் இருக்கின்றனவே, அவற்றைக் கொண்டு போ என்றேன். “மத்ததெல்லாம் சொம்பு, டப்பா, வெங்காயம்தாம்பா. மூஞ்சி கேட்டாங்க. என்கிட்ட மூஞ்சி இல்ல” என்றாய். நான் வற்புறுத்தவில்லை. இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ வரவில்லை என்று சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. படம் வரைந்து யார் பிழைத்தார்கள், பி.காம். படித்தால் ஒரு உத்தியோகம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து நீயே பி.காம். படிவத்தைக் கொண்டுவந்து நீட்டியபோது, பெண் புத்தியோடு இருக்கிறாள் என்று ஆபீஸில் பெருமையடித்தேன். நீ என்னை ஜெயிக்க விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்று புரியவே எனக்கு வருஷங்கள் ஆயின.

அக்கா வருகிறாள் என்பதற்காகச் சுரண்டினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பாதி உண்மைதான், மீதியையும் கேட்டுக்கொள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸில் என் பெயரைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. காலா மதராஸி என்பார்கள், கறுப்பு மதராஸி என்று; பிறகு சுருக்கமாகக் காலியா, கறுப்பன். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பேன். பார்க்காவிட்டால் கோபக்காரன் என்று வேறு சொல்வார்கள். அப்போதிலிருந்துதான் காலையில் பவுடர் போடாமல் வாசலைத் தாண்டுவதில்லை. உனக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது, “அப்பா, உன் மூஞ்சி மட்டும் ஏன் வேற கலரு, கழுத்து வேற கலரு?” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் கேட்டாய். ஓங்கி ஒரு அறை விட்டேன். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் உன் படத்தின் நிழல் பக்கத்தைப் பார்த்தபோது நான் பார்த்தது உன்னை இல்லை பாப்பா. அந்தப் பக்கம் அப்படியே என் முகம். பவுடர் இல்லாத என் முகம். அதை நீ அவ்வளவு ஆசையாக, மூன்று வாரம் உட்கார்ந்து, ஒரு குறையும் சொல்லாமல் வரைந்து வைத்திருந்தாய். என்னால் தாங்க முடியவில்லை. அதைத்தான் சுரண்டினேன்.

நீயும் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு தாள் போனால் இன்னொரு தாள் எடுத்திருக்கலாம். அடுத்த வருஷம் போயிருக்கலாம். அதற்கப்புறம் ஃபோன் பேசும்போது டைரி ஓரத்தில்கூட நீ ஒரு பூ கிறுக்கி நான் பார்த்ததில்லை. பென்சில்களையெல்லாம் கட்டிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாய். சாப்டியாப்பா, மாத்திரை போட்டியாப்பா என்று மரியாதையாகக் கேட்டே பதினோரு வருஷம் என்னைக் கொன்றாய். ஒரு தடவை சண்டை போட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். நீ எனக்கு அந்த வாய்ப்பைத் தரவே இல்லை. இதையும் எழுதாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் கெடுத்ததிலிருந்து ஒன்று சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள். உன் வீட்டுக்காரனைத் திருத்துகிறேன் என்று ஆரம்பிக்காதே, அவன் உன்னைத் திருத்த வந்தால் கையைப் பிடித்துக்கொள். அன்பால்தான் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் நான் பிளேடை எடுத்தேன். குவார்ட்டர்ஸில் எல்லோரும், பையன் நல்ல சிவப்பு, உங்கள் பெண்ணுக்கு அடித்தது யோகம் என்று என்னிடம் சொல்கிறார்கள். முன்பு என்றால் நானும் இளித்திருப்பேன். இப்போது பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறேன், அதற்குமேல் தைரியம் இன்னும் வரவில்லை. நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து, என் நிறத்தில் பிறந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து யாராவது வாயைத் திறந்தால், நீ அவர்களைச் சும்மா விடாதே. நான் என் அக்காவைச் சும்மா விட்டேன்.

நேற்றுக் காலை நான் ஒரு காரியம் செய்தேன். கடையில் ஒரு மெத்து பென்சில் வாங்கி வைத்திருந்தேன். குழாயிலிருந்து உன் படத்தை எடுத்து, ஏழரை மணிக்கு, அதே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நீ இல்லை என்றால் என்ன, உன் நிழல் பக்கம் என் முகம்தானே, கண்ணாடியைப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பவுடரைக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். சுரண்டிய தாள் எப்படி என்று உனக்குத் தெரியும். மேல் தோல் போய்விட்டிருந்தது. பென்சில் பட்டதும் மண்ணெண்ணெய் குடிக்கிற திரி மாதிரி இழுத்துக்கொண்டது. நான் மெல்லப் போட்டாலும் திட்டுத்திட்டாகக் கறுப்பு. எங்கே வெள்ளையாக்கினேனோ அங்கேதான் சகிக்க முடியாத கறுப்பு வந்தது. விளிம்பில் எனக்குக் கோடுதான் வந்தது. ஒரு கன்னம் பாழானதும் நிறுத்திவிட்டேன். அப்போதுதான் தாடைக்குக் கீழே ஒரு இடத்தைக் கண்டேன். கட்டைவிரல் அகலம் இருக்கும். தகடு நகர்ந்து மறைத்துவிட்டது போல, அங்கே என் ரப்பரும் பிளேடும் படவில்லை. உன் நிழல் அப்படியே இருக்கிறது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்தேன். அதற்குள் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் இருக்கிறது பாப்பா. நீ சொன்ன அதே இடத்தில்.

படத்தை இந்தக் கடிதத்தோடு குழாயில் வைத்து அனுப்புகிறேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை, கேட்டால் நீ பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாய், அது எனக்கு வேண்டாம். சாட்சிப் படிவத்தில் என் பெயர் இல்லாததற்கு உன்மேல் கோபப்பட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். சாட்சி என்றால் கண்ணால் பார்த்தவன். வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தும் உன் முகத்தை நான் பார்த்ததில்லை. நீ சரியான ஆட்களைத்தான் கூப்பிட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு நான் வருவேன். கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுப்பார்கள். என்னை எங்கே நிறுத்துவது என்பது உன் இஷ்டம், ஓரத்தில் நின்றாலும் சரிதான். அன்றைக்கு நான் பவுடர் போட்டுக்கொள்ள மாட்டேன். அந்த ஸ்டூடியோ பையனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு, கம்ப்யூட்டரில் என் முகத்தையும் தொட வேண்டாம் என்று.

அப்பா